ஃபைனல் ஃபேன்டசி 16 எதிர்பார்த்த அளவுக்கு விற்றதா?

ஒரே வாரத்தில் 30 லட்சம் பிரதிகள் போன ஃபைனல் ஃபேன்டசி 16 என்ற வீடியோ விளையாட்டை எப்படித் தோல்வி என்று சொல்ல முடியும், அப்படியானால் அதை வெளியிட்ட ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனமே லாபம் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை என்று ஏன் சொன்னது, இரண்டில் எது உண்மை என்று கேட்டிருந்தீர்கள். சோனியின் பிளேஸ்டேஷன் 5 கன்சோலில் மட்டும் வெளியிட்டதுதான் காரணமா என்றும் கூடவே கேட்டிருந்தீர்கள்.

இரண்டுமே உண்மைதான். 30 லட்சம் என்பது பிரதிகளின் கணக்கு. எதிர்பார்ப்பு என்பது பணத்தின் கணக்கு. தொடக்க விற்பனை, அந்தக் கன்சோல் அப்போது எத்தனை வீடுகளில் இருந்தது என்பதை வைத்துப் பார்த்தால் மிக நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த விளையாட்டை உருவாக்கச் செலவான ஆண்டுகளுக்கும் பணத்துக்கும் ஈடாக நிறுவனம் எதிர்பார்த்த லாபம் வரவில்லை. என்னைப் பொறுத்தவரை, இதற்குப் பெரும் பொறுப்பு ஒரே கன்சோலில் வெளியிடும் ஒப்பந்தத்தைச் சாரும். விளையாட்டின் தரத்தைச் சாராது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த 30 லட்சத்தை எடுத்துக்கொள்வோம். ஃபைனல் ஃபேன்டசி 16, 2023 ஜூன் 22 அன்று வெளிவந்தது. ஜூன் 28 அன்று ஸ்கொயர் எனிக்ஸ் வெளியிட்ட அறிவிப்பு, உலகம் முழுவதும் 30 லட்சத்தைத் தாண்டிவிட்டதாகச் சொன்னது. ஆனால் அந்த எண்ணிக்கை இரண்டு வேறு பொருள்களைச் சேர்த்துக் கூட்டியது. பிளேஸ்டேஷன் இணையக் கடையில் பணம் கட்டித் தரவிறக்கியவர்களின் எண்ணிக்கை அதில் ஒரு பகுதி. கடைகளுக்கு அனுப்பி வைக்கப்பட்ட வட்டுகளின் எண்ணிக்கை மறுபகுதி. அனுப்பப்பட்ட வட்டு என்றால் வாடிக்கையாளர் கைக்குப் போய்விட்டது என்று பொருளில்லை. அது கடை அலமாரியிலோ மொத்த வியாபாரியின் கிடங்கிலோ இருக்கலாம். இந்தத் துறையில் ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் இப்படித்தான் அறிவிக்கின்றன என்பதால் இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனாலும் முதல் வார எண்ணிக்கையைப் படிக்கும்போது, அதில் அடுத்த சில மாதங்களில் விற்க வேண்டிய சரக்கும் அடங்கியிருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, இந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது என்ற கேள்வி வருகிறது. பெரும்பாலானோர் முந்தைய பாகங்களோடு ஒப்பிட்டார்கள். 2016 நவம்பரில் வந்த ஃபைனல் ஃபேன்டசி 15 முதல் நாளிலேயே 50 லட்சத்தைத் தாண்டியது. 2020 ஏப்ரலில் வந்த ஃபைனல் ஃபேன்டசி 7 ரீமேக் மூன்றே நாளில் 35 லட்சத்தைத் தாண்டியது. அவற்றின் பக்கத்தில் ஒரு வாரத்தில் 30 லட்சம் என்பது இறங்குமுகமாகத்தான் தெரியும். ஆனால் 15 ஆம் பாகம் வந்தபோது பிளேஸ்டேஷன் 4 ஏறக்குறைய 5 கோடி விற்றிருந்தது, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலிலும் அதே நாளில் விளையாட்டு கிடைத்தது. ரீமேக் வந்தபோது பிளேஸ்டேஷன் 4 இன் எண்ணிக்கை 11 கோடியை எட்டியிருந்தது. 16 ஆம் பாகம் வந்தபோதோ பிளேஸ்டேஷன் 5 இன் மொத்த விற்பனை 4 கோடிக்குச் சற்று கீழே. 4 கோடியைத் தாண்டிய அறிவிப்பை சோனி வெளியிட்டது அதற்கடுத்த மாதத்தில்தான்.

இதைச் சதவீதமாக மாற்றிப் பாருங்கள். ரீமேக்கை முதல் மூன்று நாளில் கன்சோல் வைத்திருந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் வாங்கினார்கள். 16 ஆம் பாகத்தை முதல் வாரத்தில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேர் வாங்கினார்கள். நாள் கணக்கு வேறு என்பதால் இது துல்லியமான ஒப்பீடு ஆகாது என்றாலும், வித்தியாசம் இரண்டு மடங்குக்கு மேல் இருப்பதை மறுக்க முடியாது. கன்சோல் வைத்திருந்தவர்களிடையே இந்த விளையாட்டுக்கு ஆர்வம் இல்லை என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் தவறு செய்கிறார்கள். ஆர்வம் இருந்தது, கன்சோல் வைத்திருந்தவர்கள் குறைவாக இருந்தார்கள்.

ஏன் குறைவு என்பதற்கு ஜப்பானைப் பார்த்தாலே போதும். 2020 நவம்பரில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5, சில்லுத் தட்டுப்பாட்டினால் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தேவைக்கு ஏற்பக் கிடைக்கவில்லை. ஜப்பானியக் கடைகள் அதைக் குலுக்கல் முறையில் விற்றன: பெயரைப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், பெயர் வந்தால் வாங்கலாம், வராவிட்டால் அடுத்த குலுக்கலுக்கு மறுபடி பதிவு செய்ய வேண்டும். சரக்கு தாராளமாக வரத் தொடங்கிய 2023 ஆம் ஆண்டுக்குள் சோனி விலையையும் ஏற்றிவிட்டது. 2022 செப்டம்பரில் வட்டு இயங்கும் கன்சோலின் விலை 60,478 யென் ஆனது. அதே காலத்தில் போட்டிக் கன்சோலான நின்டெண்டோ ஸ்விட்ச் அதில் ஏறக்குறைய பாதி விலைக்குக் கிடைத்தது. ஃபைனல் ஃபேன்டசி என்ற பெயரோடு வளர்ந்த ஒருவர், அந்த ஒரு விளையாட்டுக்காக அவ்வளவு பணம் கொடுத்துப் புதுக் கன்சோல் வாங்குவார் என்பதுதான் இந்த ஒப்பந்தத்துக்குள் இருந்த கணிப்பு. அப்படி வாங்கியவர்கள் உண்டு. போதிய அளவில் இல்லை.

ஜப்பானிய வீடியோ விளையாட்டு இதழான ஃபமிட்சுவின் கணக்குப்படி ஜப்பானில் முதல் வாரம் விற்ற வட்டுகள் சுமார் 3 லட்சத்து 36 ஆயிரம். 15 ஆம் பாகமும் 7 ரீமேக்கும் அதே கணக்கில் ஏறக்குறைய 7 லட்சம் வீதம் விற்றிருந்தன. இன்னும் பின்னோக்கிப் போனால், 2009 டிசம்பரில் 13 ஆம் பாகம் முதல் வாரத்திலேயே 15 லட்சத்தை எட்டியது. அதுவும் அப்போது ஜப்பானில் பிளேஸ்டேஷன் 3 இல் மட்டும்தான் வெளிவந்தது. இதற்கிடையில் தரவிறக்கி வாங்குவோர் பெருகிவிட்டதால் வட்டுக் கணக்கு முழு உண்மையைச் சொல்லாது என்பது சரிதான். ஆனால் 15 லட்சம் 7 லட்சமாகி, 7 லட்சம் மூன்றரை லட்சத்துக்கும் கீழே இறங்கியதை அந்த ஒரு காரணத்தை வைத்து மட்டும் விளக்கிவிட முடியாது. சொந்த நாட்டில் இந்தத் தொடரின் வாசல் சுருங்கிக்கொண்டே வருகிறது. 13 ஆம் பாகம் வந்தபோது பள்ளியில் படித்தவர்களுக்கு இன்று பிள்ளைகள் இருப்பார்கள். அந்தப் பிள்ளைகளின் கையில் இருப்பது ஸ்விட்ச்.

இப்போது நிறுவனம் என்ன சொன்னது என்று பார்ப்போம். இங்கேதான் அதிகக் குழப்பம், ஏனென்றால் அது வேறு வேறு நேரங்களில் வேறு வேறு பொருளைப் பற்றிப் பேசியது. 2023 ஆகஸ்டில், ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டின் முடிவுகள் வந்தபோது செயல்பாட்டு லாபம் முந்தைய ஆண்டை ஒப்பிட ஏறத்தாழ 80 சதவீதம் குறைந்திருந்தது. நிறுவனத்தின் ஆண்டிலேயே மிகப் பெரிய விளையாட்டு வெளிவந்த காலாண்டு அது. வெளியீட்டு நேரத்தில் விளம்பரச் செலவும் உருவாக்கச் செலவின் தேய்மானமும் ஒன்றாகக் கணக்கில் ஏறும் என்பதால் அந்த ஒரு காலாண்டை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. ஆனால் தலைவர் டகாஷி கிரியு அப்போது சொன்னதாகச் செய்திகளில் வந்தது முக்கியமானது: கன்சோலின் பரவலை வைத்துப் பார்த்தால் தொடக்கம் நன்றாகவே இருந்தது, ஆனால் நிறுவனத்தின் எதிர்பார்ப்பின் மேல்வரம்பை அது தொடவில்லை, பிளேஸ்டேஷன் 5 மெதுவாகப் பரவியதே காரணம். மேல்வரம்பு என்ற சொல்லைக் கவனியுங்கள். எதிர்பார்ப்பு என்பது ஒற்றை எண் இல்லை, கீழ் எல்லையும் மேல் எல்லையும் கொண்ட ஒரு வீச்சு. தலைப்புச் செய்திகளில் அந்தச் சொல் உதிர்ந்துபோய், எதிர்பார்ப்பை எட்டவில்லை என்று சுருங்கிவிட்டது.

2024 ஆம் ஆண்டில் தொனி மாறியது. மார்ச் மாதத்தில் முடிந்த நிதியாண்டில் பெரும் முதலீட்டுக் கன்சோல் விளையாட்டுகளின் பிரிவு நட்டத்தில் இருந்தது. 16 ஆம் பாகமும், 7 ரீமேக்கின் தொடர்ச்சியாக 2024 பிப்ரவரி 29 அன்று வந்த ஃபைனல் ஃபேன்டசி 7 ரீபர்த்தும் வெளிவந்த ஆண்டு அது. அந்தப் பெரிய விளையாட்டுகளிலிருந்து கிடைத்த லாபம் எதிர்பார்ப்பை எட்டவில்லை என்று நிறுவனம் இந்த முறை வெளிப்படையாகவே சொன்னது. முதலில் பேசியது தொடக்க விற்பனையை. இப்போது பேசியது லாபத்தை. ரீபர்த்தையும் சேர்த்துச் சொன்னதால் 16 இன் பங்கு எவ்வளவு என்று தனியே பிரித்துக் காட்ட முடியாது. ஆனாலும் தலைவரே பெயர் சொல்லிக் குறிப்பிட்டபின், அது எதிர்பார்ப்பை முழுவதுமாக நிறைவேற்றியது என்று வாதிடுவதற்கு இடமில்லை.

அந்த எதிர்பார்ப்பு எப்படி உருவாகிறது? இதே நிறுவனத்தின் பழைய கதை ஒன்று இதற்கு நல்ல விளக்கம். 2013 மார்ச்சில் டூம் ரைடர் வெளிவந்து நான்கு வாரத்தில் 34 லட்சம் விற்றது. அந்தத் தொடரில் அதற்குமுன் அவ்வளவு வேகமான தொடக்கம் இருந்ததில்லை. ஆனாலும் ஸ்கொயர் எனிக்ஸ் அதைத் தன் இலக்குக்குக் கீழே போன விளையாட்டுகளின் வரிசையில் வைத்தது. அந்த ஆண்டின் பெரும் நட்டத்தையடுத்து தலைவர் யோயிச்சி வாடா பதவி விலகினார். ஆனால் ஓராண்டுக்குள் அந்த விளையாட்டு லாபத்துக்கு வந்துவிட்டது; பின்வந்த ஆண்டுகளில் ஒரு கோடியையும் கடந்து விற்றது. முதல் மாதத்தில் தோல்வி என்று எழுதப்பட்ட ஒன்று, பல தளங்களில் கிடைத்ததாலும் விலை படிப்படியாக இறங்கியதாலும் பல ஆண்டுகள் நின்று விற்றது. இந்த நின்று விற்கும் காலத்தைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். 16 ஆம் பாகம் இழந்தது அதைத்தான்.

எதிர்பார்ப்பின் கணக்கை ஸ்கொயர் எனிக்ஸில் முன்பு வணிகப் பொறுப்பில் இருந்த ஜேக்கப் நவோக் 2024 இல் பொதுவெளியில் விளக்கினார். அதன் சாரம் இதுதான்: ஒரு விளையாட்டை உருவாக்க 100 டாலர் செலவாகி ஐந்து ஆண்டும் ஆகிறது என்றால், அந்த 100 டாலரைப் பங்குச் சந்தையில் போட்டிருந்தால் ஐந்து ஆண்டில் எவ்வளவு ஆகியிருக்கும் என்பதோடுதான் நிறுவனம் அதை ஒப்பிடும். 2024 தொடக்கம் வரையிலான ஐந்து ஆண்டுகளில் சந்தை ஏறிய வேகத்தில் அது ஏறக்குறைய இரட்டிப்பாகியிருக்கும். அப்படியானால் விளம்பரம், தளக் கட்டணம், தள்ளுபடி எல்லாம் போக 200 டாலர் கையில் நின்றால்தான் அந்த ஐந்து ஆண்டு உழைப்புக்கு வணிக நியாயம் கிடைக்கும். போட்ட பணத்தை எடுத்துவிட்டோம் என்பது வெற்றிக்கான அளவே இல்லை. ரசிகர்கள் இந்த இடத்தைத்தான் தவறவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். நட்டமில்லை என்பதும் எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை என்பதும் ஒரே விளையாட்டுக்கு ஒரே நேரத்தில் பொருந்தும்.

தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவில் விலை 70 டாலர். இணையக் கடைகளின் வழக்கமான பங்கு 30 சதவீதம். மீதி 49 டாலர். 30 லட்சம் பிரதிகளும் தரவிறக்கமாகவே, முழு விலைக்கே விற்றதாக வைத்துக்கொண்டால் 14 கோடியே 70 லட்சம் டாலர். வட்டில் கடைக்காரருக்கும் அச்சுக்கும் போக்குவரத்துக்கும் போவதைக் கழித்தால் உண்மையான தொகை இதைவிடக் குறையும். இந்த விளையாட்டின் செலவை ஸ்கொயர் எனிக்ஸ் வெளியிட்டதில்லை. ஆனால் அதே 2023 இல் வந்த இன்னொரு பிளேஸ்டேஷன் 5 பிரத்யேக விளையாட்டான ஸ்பைடர்மேன் 2 இன் கணக்கு, இன்சோம்னியாக் நிறுவனத்திலிருந்து திருடப்பட்ட ஆவணங்கள் வழியாக வெளியே வந்தது: செலவு ஏறத்தாழ 30 கோடி டாலர், போட்ட பணத்தை எடுக்கவே முழு விலையில் சுமார் 72 லட்சம் பிரதிகள் விற்க வேண்டும். உரிமக் கட்டணம், ஊதிய நிலை எல்லாம் வேறு என்பதால் அதை அப்படியே 16 க்குப் பொருத்திவிடக் கூடாது. ஆனாலும் இந்தத் தரத்தில் ஒரு விளையாட்டுக்கு 30 லட்சம் என்பது தொடக்கமாகத்தான் இருக்க முடியும் என்பதை அது காட்டிவிடுகிறது.

செலவு எங்கே போனது என்பதை விளையாடியவர்கள் கண்ணால் பார்த்திருப்பார்கள். இந்தக் கதையில் ஐகான் எனப்படும் மாபெரும் உருவங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. வெளியீட்டுக்குப் பத்து நாள் முன்பு இலவசமாக வந்த முன்னோட்டத்திலேயே, பீனிக்ஸ் பறவையும் இஃப்ரிட்டும் மோதும் காட்சியில் விளையாடுபவரின் கையிலேயே பறவை இருக்கும். குறிவைத்துச் சுடும் விளையாட்டாக அது சில நிமிடங்கள் மாறிவிடும். பின்னால் டைட்டனோடு மோதும்போது ஒரு மலையே எழுந்து நிற்பது போன்ற உடல் மேல் ஓடிக்கொண்டே அடி விலக வேண்டியிருக்கும். பஹாமுட்டோடு நடக்கும் போர் பூமியை விட்டு வான்வெளிக்கே போய்விடும். இவை ஒவ்வொன்றும் தனித்தனி முறையில் எழுதப்பட்டு, அந்த ஒரே ஒரு சண்டைக்காகப் பயன்பட்டு, பின் திரும்ப வராதவை. ஒரு மோதலுக்குச் செய்ததை இன்னொன்றுக்கு எடுத்துப் பயன்படுத்தவில்லை என்பதைத் தயாரிப்பாளர் நவோகி யோஷிதாவே வெளியீட்டுக்கு முன் பெருமையோடு சொன்னார். விளையாடுபவனாக எனக்கு அந்தப் பிடிவாதம் மிகவும் பிடித்திருந்தது. பஹாமுட் போர் முடிந்தபோது கைக்கருவியைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆனால் மூன்று மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடும் காட்சிகளுக்காகப் பெரிய குழு பல ஆண்டு உழைத்திருந்தால், அந்த ஆண்டுகளின் செலவைத் தாங்குமளவுக்கு வாங்குபவர்களின் கூட்டமும் அகலமாக இருந்தாக வேண்டும். அகலத்தைத்தான் ஒப்பந்தம் முதலிலேயே குறைத்துவிட்டது.

ஒப்பந்தத்தால் ஸ்கொயர் எனிக்ஸுக்கு எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2020 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 5 இன் விலையும் வெளியீட்டுத் தேதியும் அறிவிக்கப்பட்ட நிகழ்ச்சியின் முதல் அறிவிப்பே இந்த விளையாட்டுதான். உலகம் முழுவதும் அந்தக் கன்சோலுக்காகக் காத்திருந்தவர்கள் அனைவரும் அதைப் பார்த்தார்கள். சோனியின் விளம்பர மேடைகள் மூன்று ஆண்டு அதற்குத் திறந்திருந்தன. சோனியின் பொறியாளர்கள் வந்து உதவினார்கள் என்றும், ஒரே இயந்திரத்துக்காக உருவாக்கியதால் அதன் வேகத்தை முழுவதும் பயன்படுத்த முடிந்தது என்றும் யோஷிதா பலமுறை சொன்னார். அதை நான் நம்புகிறேன். காட்சி மாறும்போது காத்திருப்பே இல்லாமல் விளையாட்டு தொடர்வதை அனுபவித்தவர்களும் நம்புவார்கள். சோனி எவ்வளவு பணம் கொடுத்தது என்பது வெளியே வந்ததில்லை. ஆனால் எக்ஸ்பாக்ஸுக்கு வராதபடி சோனி செய்துகொண்ட ஏற்பாடுகளுக்கு உதாரணமாக 7 ரீமேக்கையும் 16 ஐயும், ஆக்டிவிஷன் என்ற விளையாட்டு நிறுவனத்தைத் தான் வாங்குவதை ஆராய்ந்த பிரிட்டனின் போட்டி ஒழுங்குமுறை அமைப்பிடம் மைக்ரோசாஃப்ட் பெயர் சொல்லியே எழுதிக் கொடுத்தது.

கன்சோலை விற்பவரின் கணக்கு வேறு, விளையாட்டை மட்டும் விற்பவரின் கணக்கு வேறு என்பதை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். 16 வருவதற்கு ஆறு வாரம் முன்பு, 2023 மே 12 அன்று, நின்டெண்டோவின் செல்டா டியர்ஸ் ஆஃப் த கிங்டம் வந்தது. அதுவும் ஒரே கன்சோலில் மட்டும்தான். மூன்று நாளில் ஒரு கோடியைத் தாண்டியது. அப்போது ஸ்விட்ச் 12 கோடிக்கு மேல் விற்றிருந்தது என்பது ஒரு பக்கம். மறுபக்கம், செல்டாவுக்காக ஒருவர் ஸ்விட்ச் வாங்கினால் அந்தப் பணமும் நின்டெண்டோவுக்குத்தான் போகிறது; அதன்பின் அவர் வாங்கும் ஒவ்வொரு விளையாட்டிலும் நின்டெண்டோவுக்குப் பங்கு உண்டு. ஸ்பைடர்மேன் 2 க்கும் சோனியைப் பொறுத்தவரை அதே நிலைதான். ஆனால் 16 க்காக ஒருவர் பிளேஸ்டேஷன் 5 வாங்கினால், கன்சோல் பணமும் பின்னால் வரும் பங்கும் சோனிக்குப் போகும். ஸ்கொயர் எனிக்ஸுக்குக் கிடைப்பது அந்த ஒரு பிரதியின் விலை மட்டும். ஒப்பந்தத்தில் வாங்கிய தொகை அந்த இழப்பை ஈடு செய்திருந்தால் லாபம் குறைந்தது என்று தலைவர் சொல்லும் நிலை வந்திருக்காது.

அந்த ஒப்பந்தம் ஆறு மாதத்துக்குத்தான் என்பதால் நட்டம் பெரிதாக இருக்க முடியாது என்று சிலர் வாதிடுகிறார்கள். காகிதத்தில் அது சரி. நடைமுறையில் கணினிப் பதிப்பு வந்தது 2024 செப்டம்பர் 17 அன்று. கிட்டத்தட்ட பதினைந்து மாதம் கழித்து. எக்ஸ்பாக்ஸ் பதிப்பு 2025 ஜூனில், ஏறக்குறைய இரண்டு ஆண்டு கழித்து. ஒரே இயந்திரத்துக்காக இழைத்து இழைத்து உருவாக்கிய ஒன்றை மற்ற இயந்திரங்களுக்கு மாற்றுவது ஆறு மாதத்தில் முடியும் வேலையாக இருக்கவில்லை. வேகம் கிடைத்ததற்குக் கொடுத்த விலை அது. 2023 ஜூனில் எங்கே திரும்பினாலும் இந்த விளையாட்டின் பேச்சாகவே இருந்தது. அந்தப் பேச்சைக் கேட்டு ஆசைப்பட்ட கணினி விளையாட்டாளர்களுக்கு அன்று வாங்க வழியில்லை. ஆகஸ்டில் பால்டர்ஸ் கேட் 3 என்ற விளையாட்டு கணினியில் வந்து அவர்களை அழைத்துக்கொண்டது. பதினைந்து மாதம் கழித்து வரும்போது கதையின் திருப்பங்கள் எல்லாம் இணையத்தில் பரவி முடிந்திருந்தன, விலையும் முதல் நாள் விலை இல்லை. முதல் மாத விளம்பரத்துக்குச் செலவழித்த பணம் ஒரே கன்சோலின் வாசலில் மட்டும் வேலை செய்துவிட்டு முடிந்துபோனது.

எல்லாத் தளங்களிலும் ஒரே நாளில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அருகில் இருக்கும் உதாரணங்கள் உண்டு. எல்டன் ரிங் 2022 இல் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், கணினி மூன்றிலும் ஒன்றாக வந்து மூன்று வாரத்துக்குள் 1 கோடியே 20 லட்சத்தை எட்டியது. கேப்காமின் மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ் 2025 பிப்ரவரி இறுதியில் அதேபோல் வந்து மூன்று நாளில் 80 லட்சம் விற்றது. ஸ்கொயர் எனிக்ஸின் சொந்த விளையாட்டுகளிலேயே டிராகன் குவெஸ்ட் 3 இன் புதுப்பதிப்பு 2024 நவம்பரில் ஸ்விட்ச் உட்பட எல்லாத் தளங்களிலும் வந்து சில வாரங்களில் 20 லட்சத்தைத் தாண்டியது. அதை உருவாக்கிய செலவு 16 க்கு ஆனதில் ஒரு சிறு பங்காகத்தான் இருக்கும் என்பது பார்த்தவுடன் தெரியும். இந்த எண்களை அப்படியே 16 மேல் ஏற்றிப் பார்ப்பது சரியில்லை, ஒவ்வொன்றும் வெவ்வேறு வகை விளையாட்டு. ஆனால் ஜப்பானிய விளையாட்டுகளை எக்ஸ்பாக்ஸிலும் கணினியிலும் வாங்க ஆளில்லை என்ற பழைய நம்பிக்கை இனி செல்லாது என்பதற்கு இவை போதும்.

விளையாட்டே சரியில்லை, நிதானமாக முறை வைத்து விளையாடும் பழைய வடிவத்தைக் கைவிட்டு வெறும் சண்டையாக்கிவிட்டார்கள், அதனால்தான் விற்கவில்லை என்ற வாதத்தையும் குறிப்பிட வேண்டும். நடுப்பகுதியில் வரும் சிறு பணிகள் சலிப்பூட்டுபவை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். பழைய ரசிகர்களில் ஒரு பகுதி விலகி நின்றதும் உண்மை. ஆனால் அந்த வாதம் ரீபர்த்தை விளக்க முடியாமல் தடுமாறுகிறது. ரீபர்த் பழைய வடிவத்தோடு நெருக்கமானது, விமர்சகர்களின் மதிப்பெண் 16 ஐவிட அதிகம், 1997 இல் வந்த மிகப் புகழ்பெற்ற கதையின் மறுஆக்கம். அதுவும் பிளேஸ்டேஷன் 5 இல் மட்டும் வந்தது. ஜப்பானில் அதன் முதல் வார வட்டு விற்பனை 16 ஐயும்விடக் குறைவாக, 2 லட்சத்து 60 ஆயிரத்தை ஒட்டி நின்றது. முந்தைய கதையை முடித்தவர்கள்தான் தொடர்ச்சியை வாங்குவார்கள் என்ற சுமை அதற்கு இருந்தது என்பதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், இவ்வளவு வேறுபட்ட இரண்டு விளையாட்டுகளும் ஒரே சுவரில் மோதியிருக்கின்றன. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது அந்தக் கன்சோலும் அந்த ஒப்பந்த முறையும்தான்.

நிறுவனமும் இதே முடிவுக்கு வந்ததாகத்தான் தெரிகிறது. ஒப்பந்தங்கள் போடப்பட்ட காலத்தில் தலைவராக இருந்தவர் யோசுகே மட்சுடா. 16 வெளிவந்த அதே மாதத்தில்தான் கிரியு அந்தப் பொறுப்புக்கு வந்தார். அடுத்த மாதமே லாஸ் வேகஸில் நடந்த ஃபைனல் ஃபேன்டசி 14 ரசிகர் விழாவில், எக்ஸ்பாக்ஸ் தலைவர் ஃபில் ஸ்பென்சர் மேடையேறினார். கிரியுவும் அங்கே இருந்தார். 14 ஆம் பாகம் எக்ஸ்பாக்ஸுக்கு வரும் என்று அறிவித்தார்கள். 2024 மே மாதம் மூன்று ஆண்டுத் திட்டம் ஒன்றை வெளியிட்டு, நின்டெண்டோ, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், கணினி எல்லாவற்றிலும் விளையாட்டுகளைக் கொண்டுவரும் வழியைத் தீவிரமாகப் பின்பற்றப் போவதாக எழுதினார்கள். உருவாக்கத்தில் இருந்த சில விளையாட்டுகளைக் கைவிட்டதற்காக ஏறத்தாழ 2,210 கோடி யென்னை நட்டக் கணக்கில் எழுதியதும் அதே நேரத்தில்தான். இத்தனை முக்கியமான ஒரு முறையை, அது பலன் தந்துகொண்டிருக்கும்போது எந்த நிறுவனமும் மாற்றாது.

எனவே யாராவது உங்களிடம் 30 லட்சத்தைக் காட்டி வெற்றி என்றால், கன்சோல் வைத்திருந்தவர்களிடையே அது வெற்றிதான் என்று ஒப்புக்கொள்ளுங்கள். யாராவது கிரியுவின் சொல்லைக் காட்டித் தோல்வி என்றால், லாபத்தில் அது இலக்கைத் தவறவிட்டது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டு, எந்த வாசல்கள் முதல் நாளில் மூடியிருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடைசியாக, அடுத்த ஃபைனல் ஃபேன்டசியும் இப்படி ஒரே கன்சோலில் வருமா என்று கேட்டிருந்தீர்கள். வராது என்றே கருதுகிறேன். 2025 ஜூன் 8 அன்று எக்ஸ்பாக்ஸ் நிகழ்ச்சியில் 16 ஐ அறிவித்த அதே நாளில் விற்பனையும் தொடங்கியது. 7 ரீமேக்கை ஸ்விட்ச் 2 க்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் கொண்டுவருவதாக அதே ஆண்டு ஆகஸ்டில் தேதியோடு அறிவித்தார்கள். ஐந்து ஆண்டுக்கு மேல் பிந்தி வந்தாலும், மூன்று பாகக் கதையின் கடைசிப் பாகம் வருவதற்குள் முதல் பாகத்தைப் புதியவர்கள் கையில் சேர்த்துவிட வேண்டும் என்ற அவசரம் அதில் தெரிகிறது.